தொப்புள் சீரமைப்பு அறுவை சிகிச்சை: செலவைக் கணக்கிடும் முன்

பேறுகாலத்துக்குப் பின் தளர்ந்த தோல், பிதுங்கி நிற்கும் தொப்புள், வளையம் குத்தியதால் விழுந்த தழும்பு ஆகியவற்றுக்காகவே இந்தச் சிகிச்சையைப் பெரும்பாலோர் நாடுகின்றனர். முதலில், பிதுக்கத்தின் காரணம் வெறும் தோலா, தொப்புள் குடலிறக்கமா (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியே குடலோ கொழுப்போ வெளித்தள்ளும் ஹெர்னியா) என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இருமும்போது புடைத்து, படுத்ததும் உள்வாங்குமானால் அது குடலிறக்கமாக இருக்கக்கூடும். செலவின் போக்கையே மாற்றும் கேள்வி இது. ஏனெனில், அழகுக்கான அறுவைக்குப் பொதுவாகக் கைகொடுக்காத மருத்துவக் காப்பீடு, குடலிறக்கத்தைச் சரிசெய்யப் பல நேரங்களில் பணம் தருகிறது.

மருத்துவமனை சொல்லும் தொகையை அப்படியே ஏற்காமல், அறுவை மருத்துவரின் கட்டணம், மயக்க மருந்து, அறுவை அரங்கு, முன்பரிசோதனைகள், மருந்துகள், மறுபார்வைகள் ஆகியவை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மீண்டும் திருத்த நேர்ந்தால் யார் செலவு என்பதையும் கேளுங்கள். பலர் கேட்கத் தயங்குவது இதைத்தான். சிறிய திருத்தம் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். வயிற்றுத்தோல் முழுவதையும் இறுக்குவதோடு சேர்த்துச் செய்தால் முழு மயக்கமும் பன்மடங்கு செலவும் ஆகும்.

இனியும் கருத்தரிக்கும் எண்ணமிருந்தால் தள்ளிப்போடுவதே நல்லது. புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் இரத்த ஓட்டம் குன்றி, தோல் கருகவும் வாய்ப்புண்டு. அறுவைக்குப் பின்னர் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. சிவப்போ சீழோ காய்ச்சலோ தெரிந்தால், உடனே மருத்துவரைப் பாருங்கள்.