காரைக்குடியில் பழைய காசு வாங்கப் போகிறீர்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூண், பீங்கான், எனாமல் தூக்குகளுக்கு நடுவே காசு டப்பாவையும் கேட்டுப் பாருங்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன குடும்பங்களின் ஊர் இது. அதனால் அந்த நாட்டுக் காசுகளும் இங்கே கலந்து வரும்.

விலை பேசுமுன் காசின் ஆண்டைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு ஆகிவிட்ட எந்தக் காசும் தொல்பொருள்தான். தனியாள் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு தலை போட்ட வெள்ளி ரூபாய்களை எல்லோரும் ஆசையாக எடுப்பார்கள். அவை அத்தனையும் நூறைத் தாண்டியவை. கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது, எடுத்துட்டுப் போங்க" என்பார். விமான நிலையத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். "வயலில் கிடைத்த சோழர் காசு" என்றால் தொடவே வேண்டாம். அது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்திலும் சிக்கக்கூடியது.

தாராளமாக வாங்கக்கூடியவை 1930-களின் கடைசி முதல் வந்தவை. 1943–47 ஓட்டைக் காலணா, 1939 முதலான மலாயாவின் சதுர ஒரு சென்ட், 1944 முதல் வந்த இலங்கையின் பூவிளிம்பு இரண்டு சென்ட் எல்லாம் சிறியவை, அழகானவை. தாத்தா புழங்கிய காசைப் பிள்ளைகளுக்குக் காட்ட இவையே போதும்.

வெள்ளிதான் வேண்டுமென்றால் ஆறாம் ஜார்ஜ் ரூபாய். 1938, 39-இல் அடித்ததில் வெள்ளி 91.7 சதவீதம், 1940 முதல் 45 வரை பாதிதான், 1947 ரூபாய் முழு நிக்கல். இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசும் ஒரு காந்தமும் கையோடு கொண்டுபோங்கள். வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். அரை கிராமுக்கு மேல் குறைந்தால் சந்தேகப்படுங்கள். காந்தம் 1947 ரூபாயில் ஒட்டும், நிக்கல் என்பதால் அது சரியே. அதற்கு முந்தையதில் ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் வெள்ளி என்று ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது. 1939 அரிது என்பதால் போலி அதில்தான் அதிகம்; கடைசி '9' திருத்தியதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1938, 39 ரூபாயின் விளிம்பில் மெல்லிய இணைப்புக் கோடு ஓடினால் அச்சில் அடித்ததில்லை, வார்த்தது.

காசின் உச்சியில், ராஜா தலைக்கு மேலே, சொரசொரப்பாக ஒரு திட்டு தெரிந்தால் வளையம் பற்றவைத்து நகையாகப் போட்டிருந்த காசு. சேகரிப்பவர்கள் அதை வெள்ளி விலைக்குமேல் மதிப்பதில்லை. புளி போட்டுத் தேய்த்த செம்புக்காசும் அப்படித்தான்: பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். அழுக்குக் காசையே கேட்டு வாங்குங்கள், வீட்டிலும் தேய்க்காதீர்கள்.

1818 என்று போட்டு ராமர், அனுமன் உருவத்தோடு வரும் "கிழக்கிந்தியக் கம்பெனி காசு" கம்பெனி வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் என்று யாராவது காட்டினால் அது மோசடி, உடனே கிளம்பிவிடுங்கள்.

ஆண்டு, நாடு, விலை எழுதிய ரசீது வாங்குங்கள். தேதி தேய்ந்துபோன காசை விட்டுவிடுங்கள். நூறு ஆகவில்லை என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. பிவிசி உறையில் காசு பச்சை பிடிக்கும், அட்டை உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள்.