பழங்குடிப் பெண்களுக்கான தொழில் கடனும் மானியமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பழங்குடிப் பெண் ஒருவர் தொழில் தொடங்கக் கேட்கக்கூடிய அரசுத் திட்டங்கள் ஐந்தாறு இருக்கின்றன. ஆனாலும் பல விண்ணப்பங்கள் வங்கிக்குப் போகும் முன்பே கெட்டுவிடுகின்றன. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறுவதே பெரும்பாலும் காரணம்.

அவசரப்பட்டுத் தொடங்கிவிடுவது

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) கிராமப்புறத்தில் தொடங்கும் பழங்குடியினருக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். ஆனால் இது புதிய தொழிலுக்கு மட்டும். ஒப்புதல் வருவதற்குள் மாவு அரைக்கும் இயந்திரத்தைத் தவணையில் வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டால், கணக்கில் அது நடந்துகொண்டிருக்கும் தொழிலாகிவிடும். வேறு அரசு மானியம் ஏற்கெனவே வாங்கிய தொழிலுக்கும் இதில் இடமில்லை. இன்று கிடைக்கிறதே என்று 20,000 ரூபாய் மானியத்தை வாங்கிவிட்டு, நாளை 5 லட்சம் ரூபாய்த் திட்டத்துக்குக் கிடைக்கவிருந்த 1,75,000 ரூபாயை இழப்பது இப்படித்தான். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே என்பதும் விதி. கணவர் பெயரில் முன்பே வாங்கியிருந்தால் மனைவிக்குக் கிடைக்காது.

தொழில் ஏற்கெனவே நடக்கிறது, விரிவாக்கத்தான் பணம் வேண்டும் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் அண்ணல் அம்பேத்கர் வணிக முன்னோடிகள் திட்டத்தைக் கேளுங்கள். 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. விரிவாக்கத்துக்கும் தருகிறார்கள். 2 லட்சத்துக்குள் முடியும் சிறு தொழில் என்றால் தேசிய பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் ஆதிவாசி மகளிர் கடனைத் தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்தில் கேட்கலாம். செலவில் 90 சதவீதம் வரை கடன், ஆண்டு வட்டி 4 சதவீதம். வாரத் தவணைக்காரர்களிடம் 24 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போடும் பெண்களில் பலர் இந்த 4 சதவீதக் கடனைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பது வேதனை.

திட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் தொழில் தொடங்க வங்கிக் கடன் தர 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் 2025 மார்ச் வரைக்குமே அறிவிக்கப்பட்டது. பி.எம்.இ.ஜி.பி. 2025-26 நிதியாண்டு வரை அறிவிக்கப்பட்டது. பழைய துண்டறிக்கையை நம்பி ஆவணம் சேர்க்க வேண்டாம். முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மானியத்தைக் கைக்கு வரும் பணமாகக் கணக்குப் போடுவது

மிக அதிகமாகப் பெண்களைக் கடனில் தள்ளும் தவறு இது. சிறுதானிய மாவு தயாரிக்க 5 லட்சம் ரூபாய்த் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பங்கு 25,000. வங்கி தருவது 4,75,000. மானியம் 1,75,000. இந்த மானியம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே வைப்புத்தொகையாக 3 ஆண்டுகள் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கு வட்டியும் போடமாட்டார்கள். 3 ஆண்டுகள் கழித்துத் தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். அதுவரை மீதி 3,00,000 ரூபாய்க்கு, 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்று வைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 6,500 ரூபாய். இடையில் இயந்திரத்தை விற்றுவிட்டாலோ தொழிலை மூடிவிட்டாலோ மானியம் திரும்பிப் போய்விடும். கடன் முழுதாக உங்கள் தலையில் நிற்கும்.

இது தெரியாமல், மானியம் கூடுதலாகக் கிடைக்குமென்று 3 லட்சம் ரூபாய்த் தொழிலுக்கு 5 லட்சம் என்று கொட்டேஷன் வாங்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் 2 லட்சத்தில் மானியம் 70,000 ரூபாய்தான். மிச்சத்தைக் கட்டப்போவது நீங்கள்.

இயந்திரத்துக்கே எல்லாப் பணமும்

திட்ட அறிக்கையில் இயந்திரம், கொட்டகை, மின் இணைப்பு எல்லாம் இருக்கும். தேனோ சாமையோ வாங்கக் காசு இருக்காது. மலைப்பகுதிப் பொருள்களுக்குப் பருவம் உண்டு. சில வாரங்களில் கொள்முதல் செய்து, ஆண்டு முழுவதும் விற்க வேண்டும். கிலோ 60 ரூபாய்க்கு 2,000 கிலோ சாமை வாங்க 1,20,000 ரூபாய் அறுவடை நேரத்திலேயே கையில் வேண்டும். அது இல்லாவிட்டால் வியாபாரியிடம் முன்பணம் வாங்க நேரும். அவர் சொல்வதே விலையாகும். ஆகவே பொருள் வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய நடைமுறை மூலதனத்தைத் தனி வரியாகத் திட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தொகையைப் பயன்படுத்தவும் வேண்டும். 3 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது நடைமுறை மூலதனக் கடன் வரம்பை முழுதாக எடுத்திருக்க வேண்டும் என்று பி.எம்.இ.ஜி.பி. விதி இருக்கிறது.

தவணையும் பருவத்தைப் பார்க்க வேண்டும். ஒப்புதலுக்கு முன்பே, வருமானம் எந்த மாதங்களில் வரும் என்று ஒரு அட்டவணை கொடுத்து, மாதத் தவணைக்குப் பதில் காலாண்டுத் தவணை கேளுங்கள். தொடக்க மாதங்களுக்குத் தவணை விலக்கும் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றுவது கடினம். 90 நாட்களுக்கு மேல் கட்டத் தவறினால் வாராக்கடன் என்று பதிவாகி, அடுத்த கடனுக்கும் கதவு சாத்தப்படும்.

சான்றிதழைக் கடைசியில் தேடுவது

பழங்குடிச் சான்றிதழை 1989 நவம்பர் 11-லிருந்து கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தருகிறார். அம்மாவிடம் இருக்கும் பழைய வட்டாட்சியர் சான்றிதழ் உங்கள் விண்ணப்பத்துக்கு ஆதாரமாகும். உங்களுடைய சான்றிதழுக்கு மாற்றாகாது. விசாரணைக்கு மாதக் கணக்கில் ஆகலாம் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு இதைத் தொடங்குங்கள். பிறப்பால் வருவது இந்த உரிமை. வேறு சமூகத்தவரைத் திருமணம் செய்ததாலோ மதம் மாறியதாலோ போய்விடாது. அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம்.

பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற மலைவாழ் சமூகம் சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு போன்ற சில பழைய மாவட்டங்களின் பெயரோடு இருக்கிறது. சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லின் கொல்லிமலைப் பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலைப் பெண்ணுக்குக் கிடைக்காது. ஒரே மக்களைக் கோடு கிழித்துப் பிரிக்கும் இந்த அநியாயம் சரியாகும்வரை, பர்கூர்ப் பெண்கள் மகளிர் என்ற தகுதியில் பி.எம்.இ.ஜி.பி. கேட்கலாம். அதிலும் கிராமப்புற மானியம் அதே 35 சதவீதம்தான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியிலிருந்து பட்டியலில் இருப்பதால், அவர்கள் பழைய மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைக் கொடுக்கக் கூடாது.

சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கணவரின் முதலெழுத்து என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வங்கிக் கணக்கிலும் சேர்த்து மூன்றையும் முன்கூட்டியே ஒரே பெயராக்குங்கள். இரண்டாண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், அதையும் உயிர்ப்பித்து வையுங்கள்.

வன உரிமைப் பட்டாவைப் பிணையாக நீட்டுவது

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும். ஆனால் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அதன் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். சிறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் இலவசம், அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளங்கள் போலி. பழங்குடிப் பெண் பெயரில் வேறொருவர் கடனெடுத்துத் தொழில் நடத்தக் கேட்டால், எவ்வளவு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். தவணை நின்றால் வங்கி தேடி வருவது உங்களைத்தான்.

வாய்மொழி மறுப்போடு திரும்பிவிடுவது

“இப்ப ஒதுக்கீடு இல்லம்மா” என்று சொன்னதும் திரும்பும் பெண்கள்தான் அதிகம். பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலை அதிகாரிதான் நிராகரிக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இருக்கிறது. சுயவேலைத் திட்டக் கடனுக்கு வைப்புத்தொகை கட்டச் சொல்வதும் கூடாது. விண்ணப்பம் கொடுத்த நாளிலேயே தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். அங்கும் நகரவில்லை என்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.