85,000 ரூபாய்க்கு ஒரு ஆள் எவ்ளோ தூரம் போவாங்க? டார்க் த்ரில்லர் எழுத உக்கார்றவங்களுக்கு

முதல்ல தொகையை முடிவு பண்ணுங்க. கொலை, ட்விஸ்ட், வில்லன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். புதுசா எழுத வர்ற பசங்க எங்கிட்ட கதை சொல்றப்ப எடுத்த எடுப்புலயே அம்பது கோடி, ஹவாலா, கன்டெய்னர்னு ஆரம்பிப்பாங்க, எனக்கு கொட்டாவி வந்துடும். அம்பது கோடியை நானும் பாத்ததில்ல, படிக்கறவரும் பாத்ததில்ல, அதுக்காக ஒருத்தன் என்ன பண்ணாலும் நமக்கு வயித்தைக் கலக்காது. அதே, வர்ற அஞ்சாந்தேதிக்குள்ள அஞ்சாயிரம் ரூபா பொரட்டணும், இல்லன்னா பத்தொம்பது பொம்பளைங்க வாசல்ல வந்து நிப்பாங்கன்னு எழுதிப் பாருங்க, படிக்கறவர் தன் பர்ஸை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்குவார்.

(பெரிய தொகைதான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு ஒண்ணு. ஒரு கோடின்னா 500 ரூபா நோட்டு 20,000, அதாவது 200 கட்டு, எடை இருபது கிலோவுக்கு மேல வரும். அதைத் தோள்ல மாட்டிகிட்டு உங்க ஹீரோ கடலூர் சில்வர் பீச் மணல்ல ஓட்டமா ஓடறான்னு எழுதாதீங்க. ஒரு அரிசி மூட்டையைத் தூக்கிகிட்டு நீங்க ஒரு தடவை ஓடிப் பாத்துட்டு எழுதுங்க.)

சரி, ஒரு கதையை எடுத்துகிட்டே போவோம். பாண்டிச்சேரி முதலியார்பேட்டைல விஜயான்னு ஒரு அக்கா, டிபன் போட்டுக் குடுத்து பொழைக்கறாங்க, கூடவே தெருவுல ஒரு குலுக்கல் சீட்டு நடத்தறாங்க. 20 பேர், 20 மாசம், ஆளுக்கு 5,000, மாசம் ஒருத்தருக்கு ஒரு லட்சம். நவம்பர்ல ஆரம்பிச்ச சீட்டு. மூணாவது மாசம், ஜனவரில, சீட்டு விழுந்த பொம்பளை லட்சத்தை வாங்கிகிட்டு நைட்டோட நைட்டா வீட்டைக் காலி பண்ணிட்டு போய்டுது. பாக்கி 17 மாசம், 85,000 ரூபா. சீட்டு புடிக்கறவங்கதான் பொறுப்பு, விஜயா தலைல விழுந்துச்சு.

இந்தத் தொகையோட அழகு என்னன்னா ஒரே நாள்ல 85,000 கேக்காது, மாசாமாசம் ஐயாயிரம்தான் கேக்கும், அதனால "சமாளிச்சுடலாம்"னு தோணும். டார்க் த்ரில்லர்ல ரொம்ப ஆபத்தான வார்த்தை அதுதான். பிப்ரவரிக்கு தண்டல்ல பத்தாயிரம் எடுக்கறாங்க, கைல குடுக்கறது 8,500, கட்டறது தினம் நூறு ரூபா வீதம் நூறு நாள். தண்டல்காரன் தினம் காலைல அதே நேரத்துக்கு டிவிஎஸ்ஸை வாசல்ல நிறுத்திட்டு ஹாரன் அடிப்பான். மெரட்ட மாட்டான், "அக்கா, டீ சாப்டீங்களா"ன்னுதான் கேப்பான். அவனைக் கத்தியோட அனுப்பிடாதீங்க ப்ளீஸ், ஹாரன் போதும், தெருவே கேக்குதுல்ல.

அடுத்து கதவுகளை அடைக்கணும். இதுலதான் முக்கால்வாசி கதை கோட்டை விடுது. நான் முதல்முதல்ல எழுதின ஒரு கதையை கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கற எங்க சித்திகிட்ட குடுத்தேன், பாதி படிச்சுட்டு "ஏன்டா, அவ கழுத்துல செயின் போட்ருக்கான்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கியே, அதை அடகு வெச்சா கதை முடிஞ்சுதே"ன்னாங்க. கதை அங்கயே செத்துப் போச்சு. நம்ம ஆளுங்க கஷ்டம்னா வரிசையா எங்கெல்லாம் போவாங்கன்னு படிக்கறவங்களுக்கு மனப்பாடமா தெரியும். நகை, அண்ணன் தம்பி, குழு லோன், கடைசில மொபைல்ல ஆப் லோன். நகை மக நர்சிங் ஃபீசுக்கு ஏற்கனவே பேங்க்ல கெடக்கு, அண்ணன் வீட்டு பாகப்பிரிவினைக்கு அப்புறம் பேச்சுவார்த்தை இல்ல, குழு லோன் ரெண்டு ஓடுதுன்னு ஒவ்வொண்ணையும் சீன்ல காட்டுங்க, ஒரே பாராவுல கொட்டிட்டு போய்டாதீங்க. அண்ணன் வீட்டுக்கு போய், அண்ணி காபி குடுத்து, விஜயா கடைசி வரைக்கும் வாய் தொறக்காமயே திரும்பி வர்றது ஒரு முழு அத்தியாயம்.

போலீஸ் கதவையும் மறக்காதீங்க. ரிஜிஸ்டர் பண்ணாத சீட்டு 1982 சீட்டு நிதிச் சட்டப்படி தப்பு, ஓடிப் போனவ மேல கம்ப்ளைன்ட் குடுக்கப் போனா முதல்ல "நீ எப்படிமா சீட்டு நடத்தின"ன்னு இவங்களைத்தான் கேப்பாங்க. இன்னொண்ணு, 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டு சட்டசபை போட்டது, கடலூர் கதைக்கு சரி, பாண்டி எல்லைல இருக்கற முள்ளோடையைத் தாண்டினதும் அதையே வசனமா பேச விட்டுடாதீங்க.

இப்ப ஒரு கேள்வி வரும். சீட்டுக்காரங்களைக் கூப்ட்டு "இந்த மாதிரி ஆயிடுச்சு, ஆளுக்குக் கொஞ்சம் பொறுத்துக்குங்க"ன்னு சொன்னா என்ன? சொல்லலாம். பாதிப் பேர் திட்டிட்டு ஒத்துக்கவும் செய்வாங்க. ஆனா விஜயா சொல்ல மாட்டாங்க, ஏன்னா "விஜயாக்கா கிட்ட குடுத்தா பேங்க்ல போட்ட மாதிரி"ங்கற அந்த ஒரு பேரைத் தவிர அந்தம்மாகிட்ட வேற சொத்து கெடையாது. நம்மூர்ல பணக் கஷ்டத்தைப் பத்தின கதை எதை எடுத்தாலும் உள்ள இருக்கறது மானக் கஷ்டம்தான்னு நான் நெனைக்கறேன். உங்க ஆள் எவ்ளோ தூரம் போவான்னு பணத்தை வெச்சு கணக்கு போடாதீங்க, யாருக்குத் தெரிஞ்சா அவன் உசுரோட இருக்க முடியாதுன்னு கேளுங்க. அந்த முகத்தை முதல் அத்தியாயத்துலயே காட்டிடுங்க.

தப்புக்கு வருவோம். பாண்டி, கடலூர்னாலே எல்லாரும் சரக்கு கடத்தலைத்தான் எழுதறாங்க, பாட்டில், பைக், ஆல்பேட்டை செக்போஸ்ட், போதும்டா சாமி. எனக்கு புடிச்சது வேற. பாண்டிச்சேரிக்கே உரிய ஒரு ஆள் இருக்கார்ல, சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு பிரெஞ்சு குடியுரிமையோட, பிரான்ஸ்லேர்ந்து பென்ஷன் வாங்கறவர். நம்ம கதைல அவருக்கு 84 வயசு, குருசுக்குப்பத்துல தனியா இருக்கார், பொண்ணு பிரான்ஸ்ல. விஜயாதான் ரெண்டு வேளையும் சாப்பாடு கொண்டு போறாங்க, மாசம் ஒரு தடவை அவர் கார்டை வாங்கிட்டு போய் பணம் எடுத்துக் குடுக்கறதும் அவங்கதான். மார்ச் மாசம் மூணாந்தேதி காலைல இட்லியோட போனா தாத்தா ஈசிசேர்லயே போய்ட்டார், ரேடியோ மட்டும் ஓடிட்டிருக்கு. சீட்டு அஞ்சாந்தேதி.

இங்க விஜயா என்ன பண்றாங்க? ஒண்ணும் பண்ணல. கவனிங்க, அவ்ளோதான் முதல் குற்றம். யாருக்கும் சொல்லல. நாளைக்கு சொல்லிக்கலாம்னு கதவைச் சாத்திட்டு வந்துடறாங்க. திருடல, கொல்லல, ஒரு போன் பண்ணல. படிக்கறவர் "அட, ஒரு நாள்தான"ன்னு அவங்க பக்கம் நின்னுடுவார், நின்னதுக்கு அப்புறம் அவரால வெளிய வர முடியாது. முதல் குற்றத்தை எப்பவுமே செய்யாம விட்ட காரியமா வையுங்க, கைல ரத்தத்தோட ஆரம்பிச்சா அடுத்து போறதுக்கு எடமே இல்ல.

அதுக்கப்புறம் ஒரே ரூல். ஒவ்வொரு புது தப்பும் முந்தின தப்போட ஓட்டையை அடைக்கறதுக்குத்தான் வரணும். அஞ்சாந்தேதிக்காக கார்டுல பணம் எடுத்தாச்சு, இனிமே சொன்னா "செத்தவர் கார்டுல எப்படி எடுத்த"ன்னு கேள்வி வரும், அதனால சொல்ல முடியாது. சொல்ல முடியாததால தேங்காய்த்திட்டு ஹார்பர்லேர்ந்து ஐஸ் பார் வாங்கணும். மீன் விக்காத பொம்பளைக்கு எதுக்கு ஐஸ்னு ஐஸ்காரன் கேப்பான்ல, அதுக்கொரு பொய். ஐஸ் எத்தனை நாளைக்குத் தாங்கும், பின்கட்டுல பாழுங்கெணறு இருக்கு. இந்த எடத்துல நிறுத்தி நிதானமா எழுதுங்க, ராத்திரி, ஒத்த பொம்பளை, 84 வயசு ஒடம்போட கனம். ரத்தம் தேவையே இல்ல.

பணத்தோட டென்ஷன் இதுக்குள்ள குறைஞ்சுடும், பென்ஷன் வருது, தண்டல் முடிஞ்சுடும். நெறைய பேர் கேப்பாங்க, அப்ப ஏன் நிறுத்தல? நிறுத்தணும்னா சொல்லணும்ல! பணத்தேவை தீர்ந்ததுக்கு அப்புறம்தான் கதை நெஜமாவே இருட்டுக்குள்ள போகும், அதுவரைக்கும் வெறும் கஷ்டக் கதை.

கெடு வைக்கறதுக்கு வில்லன் தேவையில்ல, ஊர்லயே கெடு கெடக்கு. பொண்ணு ஞாயித்துக்கெழமை அவங்க ஊர் மதியம் 12 மணிக்கு வாட்ஸ்அப்ல கூப்பிடும், இங்க சாயங்காலம் 4:30. "தாத்தா தூங்கறாரு அக்கா"ன்னு எத்தனை வாரம் சொல்றது, வீடியோ காட்டுன்னு கேட்டா நெட் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது. அதுக்கு நடுவுல பிரான்ஸ்ல மார்ச் கடைசி ஞாயிறு கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெப்பாங்க, அன்னிலேர்ந்து போன் 3:30க்கே வரும். விஜயாவுக்கு இது தெரியாது. அந்த நேரத்துல தாத்தா போன் யார் கைல இருந்துச்சு, யார் எடுத்தாங்க... இந்த மாதிரி ஒரு சின்ன விஷயம் கெடைச்சா நூறு கார் சேசிங்கை விடப் பெருசு.

அப்புறம் உயிரோட இருக்கார்னு நிரூபிக்கற காகிதம் வரும். அதுக்கு ஒரு பெரியவர் வேணும். மணக்குள விநாயகர் கோயில் பக்கம் உக்காந்திருக்கற ஒருத்தரை குளிப்பாட்டி, தாத்தா சட்டையைப் போட்டு விடறாங்க. ரெண்டாவது ஆள் உள்ள வந்துட்டான்னா ரகசியத்துக்கு வெலை வந்துடும். சட்டை புடிச்சிருக்கு, ஈசிசேர் புடிச்சிருக்கு, ரெண்டு வேளை சோறு புடிச்சிருக்கு, அவர் திரும்பிப் போக மாட்டார். ஜூலை 14 வருது, பிரான்ஸோட தேசிய தினம், அன்னிக்கு பழைய சொல்தாக்கள் மெடல் குத்திகிட்டு பீச் ரோட்டுல போர் நினைவுச் சின்னத்துக்கிட்ட கூடுவாங்க, தாத்தா வரலன்னா அவர் கூட இருந்த சிநேகிதர் பழக்கூடையோட வீட்டுக்கே வந்துடுவார். இங்கதான் நெஜமான கொலை நடக்கணும்னு நான் சொல்வேன். யாரைன்னு நீங்க முடிவு பண்ணுங்க, ஆனா விஜயாவுக்கு அது அன்னிக்கு செய்ய வேண்டிய இன்னொரு வேலை மாதிரிதான் இருக்கணும், மாவு ஆட்டற மாதிரி.

இவங்க புத்தி இப்படியா போவும்னு சந்தேகம் வந்தா பக்கத்துலயே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்துல 464 கரும்பு விவசாயிங்ககிட்ட அறுவடைக்கு முன்னாடி கைல காசு இல்லாதப்பவும், அறுவடை முடிஞ்சு காசு வந்தப்பவும் ஒரே மாதிரி யோசிக்கற திறனுக்கு டெஸ்ட் வெச்சாங்க, 2013ல வெளிவந்துச்சு. அதே ஆளுங்கதான், காசு இல்லாதப்ப மார்க் கம்மி. அதனால விஜயாவை முட்டாளா எழுதாதீங்க, பெரிய கிரிமினல் மூளையாவும் எழுதாதீங்க. அஞ்சாந்தேதி வரைக்கும் துல்லியமா யோசிப்பாங்க, ஆறாந்தேதி அவங்க கண்ணுக்கே தெரியாது. படிக்கறவருக்குத் தெரியும், அங்கதான் பயம்.

சின்ன சின்னது கொஞ்சம். கடலூர்ல கதை வெச்சு கூட்டுக் கொள்ளைன்னு எழுதறவங்க தலையை எண்ணுங்க, நாலு பேர் சேந்து பண்ணா அது கொள்ளைதான், சட்டப்படி கூட்டுக் கொள்ளைக்கு அஞ்சு பேர் வேணும். 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடக்கற கதைன்னா ஐபிசி நம்பரைப் போடாதீங்க, அதுக்கு பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தாச்சு. பாண்டி போலீஸ் கான்ஸ்டபிளுக்கு செவப்பு தொப்பி. பாண்டி-கடலூர் எல்லைல பாகூர் பக்கம் பொணம் கெடந்தா எந்த ஸ்டேஷன்னு ரெண்டு ஊர் போலீஸும் வரப்பை அளந்துட்டு நிக்கறதா வெச்சுக்கலாம், சிரிப்பும் வரும். மஞ்ச சுவத்து வைட் டவுனை போட்டோ எடுக்கறவங்களுக்கு விட்டுடுங்க, நம்ம கதை அதைப் பிரிக்கற பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அடுப்படில.

முடிவுக்கு போலீஸ் ஜீப்பைக் கூப்பிடாதீங்க. அடுத்த வருஷம் ஜூன், இருபதாவது சீட்டு. கடைசி ஆளுக்கும் ஒரு லட்சம் எண்ணிக் குடுத்தாச்சு, ஒரு ரூபா குறையல. பத்தொம்பது பொம்பளைங்களும் காசு போட்டு ஒரு பட்டுப்புடவை எடுத்துட்டு வந்து, "அக்கா, அவ ஓடிப் போனது எங்களுக்கு அப்பவே தெரியும், நீங்களா சொல்வீங்கன்னு பாத்தோம், நீங்க சொல்லாமயே கட்டி முடிச்சிட்டீங்க, அடுத்த சீட்டையும் நீங்கதான் புடிக்கணும்"னு தட்டை நீட்டறாங்க. விஜயா ரெண்டு கையாலயும் வாங்கறாங்க. உள்ள தாத்தா போன் அடிக்குது, மணி மூணரை.