அமெரிக்காவில் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்படி

அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்கள் டிப்ஸை இனாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சர்வரின் சம்பளம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான் என்கிறது மத்திய அரசின் சட்டம். 1991-லிருந்து இந்தத் தொகை ஏறவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். கலிபோர்னியா, மினசோட்டா மாதிரி சில மாநிலங்களில் முதலாளியே முழுக் குறைந்தபட்சக் கூலியையும் தர வேண்டும், ஆனாலும் அங்கேயும் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இருக்கத்தான் செய்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். மேஜைக்கு வந்து பரிமாறும் உணவகம் என்றால் 15 முதல் 20 சதவீதம். வரிக்கு முந்தைய தொகையை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடித்து இரட்டிப்பாக்குங்கள்: 40 டாலருக்குச் சாப்பிட்டால் 4, இரட்டித்தால் 8. கார்டில் கட்டினால் சர்வர் கார்டைத் தேய்த்து ரசீதோடு திருப்பிக் கொண்டுவருவார், அதில் டிப்ஸுக்கான கோட்டில் தொகையை எழுதி, கூட்டி, மொத்தத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடைக்கான பிரதியை மேஜையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எழுதுவதற்கு முன் பில்லை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கூட்டமாகப் போனால் பல இடங்களில் டிப்ஸை அவர்களே சேர்த்துவிடுவார்கள், கவனிக்காமல் இரண்டாவது முறையும் கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பாடு சரியில்லை என்றால்? மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சமையலறையில் நடந்த தப்புக்காக சர்வரின் கூலியில் கைவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, அதுவும் பல உணவகங்களில் அந்தப் பணத்தை மேஜை துடைப்பவரோடும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

கவுன்டரில் நின்று நீங்களே வாங்கும் காபிக்கு, திரையைத் திருப்பி உங்கள் பக்கம் காட்டினாலும், கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, தயங்காமல் 'வேண்டாம்' என்பதைத் தொடலாம். முடி வெட்டுபவர், டாக்ஸி ஓட்டுநர், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருபவர் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவரைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முதல் ஐந்து டாலர், தினமும் காலையில் வையுங்கள், ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் வரலாம். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் நன்றி என்று எழுதி வைத்தால், இது மறந்துவிட்டுப் போன பணமோ என்று அவர் எடுக்கத் தயங்கமாட்டார்.