கோப்பின் வரலாற்றை ஏஐ ஏஜென்ட்டுக்குக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரம் பக்கம் ரப்பர் வாங்கும் ஒரு கடைக்கு நாகர்கோவிலில் இருந்து பில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். அதில் ஒரு வரி, ஒட்டுப்பால் (சிரட்டையிலும் மரத்திலும் உறைந்த ரப்பர்பால்) எடையிலிருந்து ஈரத்துக்காகக் கொஞ்சம் கழிக்கும். உலர்த்திய ரப்பர் ஷீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. மழைக்காலத்தில் கடைக்காரர் கேட்டுச் சேர்த்தது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். காரணத்தையும் அந்தக் கமிட்டின் செய்தியில் எழுதியிருந்தோம். பிறகு நிரலை ஒழுங்குபடுத்தும் வேலையை, தானே கட்டளைகளை ஓட்டி வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்தோம். இந்த வரி எதற்கு என்று அது கோப்பின் வரலாற்றைத் தேடியது. அதற்கு நாங்கள் கொடுத்திருந்த டூல் (ஏஜென்ட் பயன்படுத்தும் சிறு நிரல்) ஒரே ஒரு கமிட்டைக் காட்டியது. காரணம் ஒன்றும் இல்லை என்று ஏஜென்ட் வரியை எடுத்துவிட்டது. மறுநாள் காலையில் நனைந்த ஒட்டுப்பாலுக்கு முழு எடைக்கும் பணம் போனது.

தவறு டூலில்தான். பாதியைக் காட்டிவிட்டு, அது பாதி என்று சொல்லவில்லை.

நிலம் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வில்லங்கச் சான்றில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தேடினார்கள் என்பது இருக்கும். வில்லங்கம் இல்லை என்றால், அந்தக் காலத்துக்குள் இல்லை என்றுதான் பொருள். ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கிட்டில் ஷாலோ குளோன், அதாவது கடைசிச் சில கமிட்டுகளை மட்டும் இறக்கிய நகல், அந்த ஒரு வருஷ வில்லங்கம். தானியங்கி வேலைகளை ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் வழக்கமாகப் போடும் செக்அவுட் (நிரலை இறக்கும் படி), நாம் வேறு சொல்லாவிட்டால் கடைசி ஒரு கமிட்டை மட்டுமே இறக்கும். ஏஜென்ட் அங்கே ஓடினால் எந்தக் கோப்பும் நேற்றுப் பிறந்ததாகவே தெரியும். ரெப்போ (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் தொகுப்பு) ஷாலோவா என்று கிட்டையே கேட்கலாம். ரெவ்-பார்ஸ் கட்டளை ஆம், இல்லை என்று சொல்லிவிடும். ஆம் என்றால் முழு வரலாற்றையும் இறக்குங்கள். முடியாத இடத்தில், 'இதற்கு முந்தைய வரலாறு இங்கே இல்லை' என்று டூல் முதல் வரியிலேயே சொல்லட்டும்.

சரி, முழுவதையும் இறக்கினோம். அப்போதும் அந்தக் கமிட் வரவில்லை. இடையில் கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, பெயரையும் மாற்றியிருந்தோம். எங்கள் மாவட்டத்தில் பத்திரம் பார்ப்பவர்கள் பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும் கேட்பார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், மலையாளத்தில் எழுதிய மூலப்பத்திரமும் வரும். புது எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் தாத்தா காலத்து அடமானம் கண்ணில் படாது. கிட்டும் அப்படித்தான். வரலாற்றைப் பட்டியலிடும் லாக் கட்டளையில் ஃபாலோ (--follow) சேர்க்காவிட்டால் பெயர் மாறிய இடத்தோடு நின்றுவிடும். சேர்த்தாலும், கிட் பெயர் மாற்றத்தைத் தனியாகப் பதிந்து வைப்பதில்லை. உள்ளடக்கம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து ஊகிக்கிறது. இயல்பான வரம்பு 50 சதவீதம். கோப்பை நகர்த்திய கமிட்டிலேயே பெரும்பகுதியைத் திருத்தியும் எழுதினால் சங்கிலி அறுந்துவிடும். அதனால் நகர்த்துவது ஒரு கமிட், திருத்துவது அடுத்த கமிட் என்று பிரித்துச் செய்யுங்கள். டூலும், 'இந்த இடத்தில் பெயர் மாறியது, இது ஊகம்' என்று ஒத்துப்போகும் சதவீதத்தோடு காட்ட வேண்டும்.

கிட்டின் பிளேம் கட்டளை காட்டுவதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். இண்டென்ட் (வரியின் முன் இடைவெளி) சரிசெய்தவர் பெயர் வந்து நிற்கும், கணக்கை எழுதியவர் பெயர் மறைந்துவிடும். வெற்றிட மாற்றங்களை விட்டுப் பார்க்கும் வசதி உண்டு. குறிப்பிட்ட சில கமிட்டுகளைத் தாண்டிப் பார்க்கும் வசதியும் 2019-ல் வந்த கிட் 2.23 முதல் இருக்கிறது. இரண்டையும் டூலில் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். முதலில் தேதி, கமிட் எண், செய்தி. கேட்டால் மட்டும் மாற்றத்தின் விவரம். நூறில் இருபதைத்தான் காட்டுகிறோம் என்றால் அதையும் எழுதுங்கள்.

பழைய வடிவத்தைப் படிக்க ஏஜென்ட்டுக்கு கிட்டின் செக்அவுட் கட்டளையைக் கொடுக்காதீர்கள். கமிட் செய்யாமல் வைத்திருக்கும் திருத்தங்களின் மேல் பழைய கோப்பு வந்து உட்கார்ந்துவிடும், அவற்றை கிட்டால் மீட்டுத் தர முடியாது. ஷோ கட்டளை போதும். அது எதையும் மாற்றாமல் படித்துக் காட்டும்.

அப்புறம், கமிட் செய்தி என்பது யாரோ எழுதிய எழுத்து. 'இந்தச் சோதனையை நீக்கிவிடு' என்று அதில் இருந்தால் ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். டூல் அதை மேற்கோளாகப் பிரித்து, தரவு என்று குறித்தே கொடுக்க வேண்டும். ஆபத்தான அனுமதிகளையும் ஏஜென்ட்டுக்குத் தராமல் இருப்பது நல்லது. கோப்பிலிருந்து நீக்கிய கடவுச்சொல்லும் வரலாற்றில் அப்படியே கிடக்கும். டூலைத் திறந்துவிடும் முன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.