சாப்பாட்டை மறுக்கும் பிள்ளைக்குச் சாப்பாடே மருந்து: முதல் நான்கு வாரம்

இட்லியைப் பிய்த்துப் பிய்த்து அரைமணி நேரம் உருட்டுவது. எண்ணெய் மினுங்கும் எதையும் தொடாமல் இருப்பது. மாதவிலக்கு நின்றுபோவது. இத்தனைக்கும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. 12 முதல் 18 வயதுக்குள் உள்ள பிள்ளையிடம் இவையெல்லாம் சேர்ந்து தெரிந்து, எடையும் இறங்கிக்கொண்டே போனால், அனோரெக்சியாவாக (எடை கூடும் பயத்தாலோ வேறு காரணம் சொல்லியோ பட்டினி கிடந்து மெலிந்துகொண்டே போகும் மனநோய்) இருக்கலாம் என்ற எண்ணத்தோடு மருத்துவரைப் பாருங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும்.

"குண்டாகிவிடுவேன்" என்று பிள்ளை சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் "வயிறு கனமா இருக்கு, செரிக்கல" என்றுதான் சொல்வார்கள். ஹாங்காங்கிலும் இந்தியாவிலும் 1990களிலேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காசநோய், தைராய்டு, சர்க்கரை ஆகியவை இல்லை என்று பார்ப்பது அவசியம். ஆனால் ஒவ்வொரு டெஸ்டாக எடுத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டக் கூடாது. மாதவிலக்கு வரவில்லை என்று ஹார்மோன் மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு வரும், நோய் அப்படியே இருக்கும். வீட்டார் 'சரியாகிவிட்டது' என்று நம்பிவிடுவதுதான் அதில் உள்ள கெடுதல்.

முதலில் நாடி

வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளையை 5 நிமிடம் படுக்க வைத்து, மணிக்கட்டில் முழுசாக 60 வினாடி நாடியை எண்ணுங்கள். விழித்திருக்கும்போது 50க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எழுந்து நின்றதும் மயங்கி விழுவது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே இறங்குவது, உடல் வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது, தண்ணீரைக்கூட மறுப்பது ஆகியவற்றுக்கும் அதுவே பதில். "பிளட் டெஸ்ட் எல்லாம் நார்மல்" என்பதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். இந்த நோயில் நிலைமை மோசமான பிறகும் ரத்தப் பரிசோதனை பலருக்குச் சரியாகவே வரும், இதயமோ மெதுவாகிக்கொண்டிருக்கும்.

5 நாளைக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர்களுக்கும், சில மாதத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர்களுக்கும் இன்னொரு ஆபத்து உண்டு. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சடாரென்று இறங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், பேச்சு தடுமாறும். முதல் இரண்டு வாரம்தான் கண்டம். ஆகவே முதல் நாள் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை நலப் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டும் உண்டு. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) தமிழிலேயே பேசலாம்.

ஏன் சாப்பாடு பெற்றோர் கையில்?

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுதான் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 80 பேரை வைத்து நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. 19 வயதுக்கு முன் தொடங்கி 3 ஆண்டைத் தாண்டாத அனோரெக்சியாவுக்குத் தனிப்பட்ட ஆலோசனையைவிடக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட சிகிச்சையே நன்றாக வேலை செய்தது. 2010இல் அமெரிக்காவில் 121 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர் முழுதாகக் குணமாகியிருந்தார்கள். தனி ஆலோசனை பெற்றவர்களில் 23 விழுக்காடு. அதாவது நல்ல சிகிச்சையிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முழுக் குணம் கிடைக்கவில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

நாள் குறித்தும் ஒரு கணக்கு உண்டு. முதல் நான்கு வாரத்துக்குள் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஏறியவர்கள்தான் சிகிச்சை முடிவில் தேறியவர்களில் அதிகம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் இந்த நான்கு வாரத்துக்குப் பெற்றோரை லீவு போடச் சொல்வது. நீட் பயிற்சி விடுதியில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். விடுதி வார்டனால் இதைச் செய்ய முடியாது.

ஆறு வேளை

மூன்று சாப்பாடு, மூன்று சிறு தீனி. காலை 7.30, 10.30, மதியம் 1, மாலை 4, இரவு 7, படுக்கும் முன் 9.30. மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஒவ்வொரு வேளையும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து தானும் சாப்பிட வேண்டும். பரிமாறுவது நீங்கள், பிள்ளை அல்ல. சமையல்கட்டுக்குள் பிள்ளை வரவே வேண்டாம். வந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் கண்காணிக்கும். சாப்பாட்டுக்கு 30 முதல் 40 நிமிடம், தீனிக்கு 15 முதல் 20 நிமிடம். நேரம் முடிந்தும் மிச்சம் இருந்தால் அதே அளவு சக்தி உள்ள சத்துப்பாலோ கஞ்சியோ கொடுத்து ஈடுகட்டுங்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ ஏறுவதற்கு நாளொன்றுக்கு 2,500 முதல் 3,000 கலோரி, சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படும். மருத்துவர் சொன்ன அளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 200, 300 என்று ஏற்றுங்கள். தட்டில் மலைபோல் குவித்து இதைச் சாதிக்க முடியாது. சிறிய அளவுக்குள் அதிக சக்தி இருக்க வேண்டும், அந்தக் கைப்பக்குவம் திருநெல்வேலிச் சமையலில் ஏற்கெனவே இருக்கிறது. வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கிண்டிக் கொடுக்கிற உளுந்தங்களியையே எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்த மாவு 50 கிராம், கருப்பட்டி 50 கிராம், நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி. சின்னக் கிண்ணம்தான், கிட்டத்தட்ட 600 கலோரி. மாலைத் தீனிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல் வைத்து, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். மேசைக்கரண்டி ஒன்றுக்கு 120 கலோரி சேரும். சொதி வைத்தால் தலைப்பாலைத் தாராளமாக விடுங்கள். பிள்ளை முகம் சுளிக்கும் என்று இரண்டாம் பால், மூன்றாம் பாலில் நீர்க்கக் காய்ச்சுவது, அல்லது இட்லிப்பொடிக்கு எண்ணெய் குறைப்பது, இந்த இடத்தில்தான் பல வீடுகளில் எடை ஏறாமல் நிற்கிறது. தாய்மனம் இரங்கி, நோய் கேட்டதைக் கொடுத்துவிடுகிறது.

பசி எடுக்க டானிக் வாங்குவது வீண் செலவு. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பசி இருக்கும், அதற்கு இணங்கத்தான் பயம். அனோரெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரையும் இதுவரை இல்லை.

என்ன பேசுவது

குறைவாகப் பேசுவதுதான் சரி. "ஏட்டி, அம்மைக்காக ஒரு வாய்" என்று கெஞ்சினால் சாப்பிடாததற்குக் குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். "ஆப்பிரிக்காவுல பிள்ளைங்க பட்டினி கிடக்கு" என்பது அதைவிட மோசம். கலோரிக் கணக்கை விவாதிக்க இழுத்தால் போகாதீர்கள், அந்தப் பாடத்தில் பிள்ளைதான் முதல் மார்க். "தட்டுல இருக்கது இப்பம் மருந்து. நான் எங்கயும் போவல, பக்கத்துலயே இருக்கேன். அடுத்த வாய எடு." இதையே குரல் ஏறாமல், இருபது தடவையானாலும் திரும்பத் திரும்பச் சொல்லலாம். மற்ற நேரமெல்லாம் டிவி, கிரிக்கெட், பக்கத்து வீட்டுக் கதை எதுவானாலும் சரி, சாப்பாட்டைத் தவிர.

தட்டை விசிறி அடிக்கிற பிள்ளை, ஆறு மாதம் முன்பு எதிர்த்துப் பேசாத பிள்ளையாக இருக்கும். அது குணம் கெட்டதல்ல. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நல்ல திடகாத்திரமான 36 ஆண்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடை கால் பங்கு குறைந்ததும் அவர்களும் எரிந்து விழுந்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். பட்டினி மூளையில் செய்கிற வேலை அது. ஆகவே 'ஏன் இப்படி ஆனாய்' என்ற விசாரணையை எடை ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகிறது சாப்பாடு

தாவணி மடிப்பு, பாவாடைப் பை, தட்டுக்கு அடியில், நாய்க்கு, "காக்காய்க்கு வைக்கேன்" என்று மாடிக்கு. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் பிள்ளை கண்பார்வையிலேயே இருக்கட்டும், கழிவறை அதற்கு முன்போ பின்போ. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு குதிப்பதும் தண்டால் எடுப்பதும் சகஜம், யாராவது அதே அறையில் படுங்கள். வீட்டில் உள்ள எடைபார்க்கும் கருவியை எடுத்து ஒளித்துவிடுங்கள். வாரம் ஒருநாள், ஒரே கருவியில், காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், மெல்லிய உடையில் எடை போட்டால் போதும். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததா, பையில் எதுவும் கனக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்கள்

அம்மா ஒன்றும் அப்பா ஒன்றும் சொன்னால் நோய் நடுவில் புகுந்துவிடும். அப்பா துபாயில் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடியோ காலில் வரட்டும், ஆனால் திட்டுவதற்காக வர வேண்டாம். ஆச்சி இருப்பது பெரிய பலம், "சின்ன பிள்ளைய ஏன் படுத்துதிய" என்று தட்டை எடுத்துப் போகாதவரை. அவர்களையும் உட்கார வைத்து முதலிலேயே விவரம் சொல்லிவிடுங்கள். சுற்றிப்போடுவதும் கயிறு கட்டுவதும் இருக்கட்டும். 7.30 இட்லி தள்ளிப்போகாமல் இருந்தால் சரி. கல்யாண வீட்டில் "இப்பம்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கா" என்று ஒரு சித்தி சொல்வது ஒரு வார உழைப்பைக் கெடுத்துவிடும். அதனால் முதல் மாதம் விசேஷ வீடுகளுக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

குடும்பமாக உட்கார வைத்தால் குற்றம் சொல்லிச் சண்டை வருகிறதா? பெற்றோரின் குறை கூறல் அதிகமான வீடுகளில் பெற்றோரைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் பார்ப்பதே நல்லது என்று மோட்ஸ்லிக்காரர்களே 2000இல் எழுதினார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவில் 107 பிள்ளைகளிடம் நடந்த ஆய்விலும், சிகிச்சையாளர் பெற்றோரை மட்டும் பார்த்த முறையில் சிகிச்சை முடிவில் 43 விழுக்காட்டினருக்குக் குணம், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்ததில் 22. ஆகவே பிள்ளை வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள்.

விரதம்

திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள், குலசை தசராவுக்கு மாலை, பாளையங்கோட்டையில் தவக்காலம், மேலப்பாளையத்தில் நோன்பு. பக்திக்குப் பின்னால் நோய் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இது. வேறுபாடு தெரிய ஒரு வழி உண்டு: மற்றவர்கள் பாரணை முடிந்து வயிறாரச் சாப்பிடும்போது, இந்தப் பிள்ளைக்கு மட்டும் விரதம் நீளும். நோயாளிக்கு விலக்கு எல்லா மார்க்கத்திலும் உண்டு. அதைக் குருக்களோ ஃபாதரோ ஆலிமோ வாயால் பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள், பெற்றோர் சொல்வதைவிட எடுபடும்.

கையைக் கீறிக்கொண்டால்

சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பதோடு, கையைக் கீறிக்கொள்வது, "செத்துப்போவேன்" என்பது, உறவுகளில் ஒரு நாள் உயிர் மறுநாள் விஷம் என்று மாறுவது எல்லாம் நீண்ட காலமாக இருந்தால், எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவும் நிலைகொள்ளாமல் தவிக்கும் மனநோய்) என்பதும் கூட இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். டிபிடி என்ற, கொந்தளிக்கும் உணர்ச்சியைச் சமாளிக்கப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்கு 1991 முதல் ஆய்வு ஆதாரம் உண்டு. ஆனால் அது தெரிந்தவர் கிடைக்கவில்லை என்று கை விரிக்க வேண்டாம். கனடாவில் 180 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், டிபிடியும் ஒழுங்காகத் தொடர்ந்து நடத்திய பொதுவான மனநலச் சிகிச்சையும் ஓராண்டு முடிவில் ஒரே அளவில்தான் பலன் தந்தன. ஒரே மருத்துவர், வாராவாரம், முறிக்காமல் போவது முக்கியம். பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அன்றே அகற்றுங்கள்.

கையில் ஒப்படைப்பது

எடை ஏறி, சண்டையில்லாமல் தட்டு காலியாகத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆன பின் ஒரே ஒரு தீனியைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். 10.30 தீனியைப் பள்ளியில் தோழியோடு சாப்பிடட்டும். அந்த வாரம் எடை இறங்காவிட்டால் அடுத்தது மதியச் சாப்பாடு. இறங்கினால் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முழுச் சிகிச்சைக்கு ஓராண்டில் 18 முதல் 20 அமர்வுகள் என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்கிறது. மாதவிலக்கு திரும்புவது நல்ல அறிகுறி, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 14 வயதில் வைத்த இலக்கு எடை 16 வயதுக்குப் பொருந்தாது. உயரம் கூடிக்கொண்டிருக்கும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.