பெயர் தெரியாத பழம்பொருள்கள்: அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று இடிக்கப்படும்போதும், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் கிடங்கு ஒன்று ஒழிக்கப்படும்போதும், யாருக்கும் பெயர் தெரியாத இரும்பு, பித்தளை, மரச் சாமான்கள் சில வெளியே வருகின்றன. அவை எதற்குப் பயன்பட்டன என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இல்லாதபோது, நமக்கு மிஞ்சுபவை இரண்டு சான்றுகள்தாம்: பொருளின் மேலுள்ள தேய்மானமும் படிவும் ஒன்று, அது எந்த இடத்தில் எவற்றோடு கிடந்தது என்பது மற்றொன்று. ஆர்வத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பொருள் இன்னதென்று தெரிவதற்கு முன்பே இந்தச் சான்றுகளில் ஒன்றை அழித்துவிடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கிடைத்தவுடன் புளி போட்டுத் தேய்ப்பது. பித்தளை பளிச்சென்று ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் குழியில் ஒட்டியிருந்த அரக்கு, இடுக்கில் உறைந்திருந்த சுண்ணாம்பு, விளிம்பில் இருந்த நெருப்புக் கருமை ஆகிய அனைத்தும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளிலிருந்து வரும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும், கனமான பித்தளை அல்லது வெண்கலக் கட்டை. ஆறு பக்கமும் சதுரம். ஒவ்வொரு பக்கத்திலும் அரைக்கோள வடிவக் குழிகள். இதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தாயக்கட்டை என்கிறார்கள். சிலர் பூசைப் பொருள் என்கிறார்கள். குழிகளை நிதானமாகப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. அவை ஒரே அளவில் இல்லை. பெரியதிலிருந்து மிகச் சிறியது வரை படிப்படியாக இறங்குகின்றன. குழிகளின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பிலோ சுத்தி பட்ட சிறு தழும்புகள் தெரியும். வெள்ளித் தகட்டைக் குழியின்மேல் வைத்து, உருண்டை முனையுள்ள உளியால் அடித்தால் அது கிண்ணம் போல் குழியும். அப்படி இரண்டு கிண்ணங்களைச் சேர்த்துப் பற்றவைத்தால் கொலுசில் கோக்கும் மணி கிடைக்கும். உலோகக் கடையில் கொடுத்து மெருகேற்றினால் அந்தத் தழும்புகள் மறைந்துவிடும். அதன்பின் அது தாயக்கட்டை என்று சொல்கிறவரை மறுக்க நம்மிடம் ஆதாரம் இருக்காது. ஆகவே உலர்ந்த மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிட்டு, எண்ணெயும் தடவாமல் வைப்பதே நல்லது.

கிடந்த இடத்தைக் குறிக்காமல் பொருளை மட்டும் எடுத்து வருவது அடுத்த தவறு. சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் நுழைந்தது. அங்குள்ள பழைய கிடங்குகளில் சில சமயம் வரிசை வரிசையாகப் புடைப்புகள் கொண்ட செம்புத் தகடு தனியாகக் கிடைக்கும். அதைத் தேங்காய்த் துருவி என்றோ கேரட் சீவி என்றோ நினைப்பது எளிது. ஆனால் துருவிக்கு அறுக்கும் விளிம்புள்ள துளைகள் வேண்டும். இதிலோ புடைப்புகள் மூடியே இருக்கின்றன. காப்பிப் பழத்தின் தோலை நசுக்கி உரிக்கும் இயந்திரத்தின் தட்டில் பொருத்தப்பட்ட தகடு அது; கொட்டை உடையக்கூடாது என்பதால்தான் அதில் அறுக்கும் விளிம்பு இல்லை. அதே மூலையில் கிடந்த வார்ப்பிரும்புச் சக்கரத்தையும் கைப்பிடியையும் விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் கொண்டுவந்தால், பாதிக் கதையை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாக ஆகும். எடுப்பதற்கு முன் இருந்த நிலையிலேயே ஒரு படமும், பிறகு அளவுகோலோடு எல்லாப் பக்கங்களிலிருந்தும் படங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவு கட்டுவது மூன்றாவது தவறு. கஞ்சமலைச் சுற்றுவட்டாரத்தில் இது அடிக்கடி நடக்கிறது. நிலத்தை உழும்போது கனமான கறுப்புக் கட்டி ஒன்று கிடைக்கும், காந்தம் ஒட்டும், உடனே விண்கல் என்று பேச்சு கிளம்பும். கஞ்சமலையின் பாறையிலேயே காந்த இரும்புத் தாது இருப்பதால், அங்குள்ள சாதாரணக் கல்லிலும் காந்தம் ஒட்டும் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மேலும் சேலம் வட்டாரத்தில் தாதுவைக் கரியோடு சேர்த்து உருக்கி இரும்பெடுக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலைக்கும் சேலத்துத் தாதுவே போயிற்று. ஊர் உலைகள் கழித்துப்போட்ட கசடு வயல்களில் இன்றும் கிடக்கிறது. உடைந்த முகத்தில் காற்றுக் குமிழிகளின் ஓட்டைகளும், பாகு வழிந்து உறைந்த மடிப்புகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் உலைக் கசடுதான். விண்கல்லில் அத்தகைய குமிழிகள் பொதுவாக இருப்பதில்லை. இந்த மண்ணில் இரும்பு செய்தவர்களின் தடயம் என்பதால் என் பார்வையில் விண்கல்லைவிட அந்தக் கசடுக்கே இங்கு மதிப்பு அதிகம். அதைத் தூக்கியெறியாமல் கிடந்த இடத்தைக் குறித்து வைப்பது நல்லது.

வயதைக் கூட்டிச் சொல்வது எல்லோரிடமும் உள்ள பழக்கம். பொருளின் மேல் உள்ள ஆண்டைவிட, அந்த வகைப் பொருள் எப்போது புழக்கத்துக்கு வந்தது என்பதே உறுதியான எல்லையைத் தரும். இரு முனைகளிலும் உலோகக் கூர் பொருத்திய நெசவு நாடாவை, அதாவது தறியில் ஊடைநூலைச் சுமந்து ஓடும் கட்டையை, முந்நூறு ஆண்டுப் பழையது என்று சொன்னால் நிற்காது. கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும் முறைக்கு ஜான் கே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதே 1733இல்தான், நம் தறிகளில் அது பரவியது அதற்கு வெகுகாலம் பின்னர். 'மேட் இன் இங்கிலாந்து' என்ற எழுத்துகள் இருந்தால், அப்பொருள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முற்பட்டதாக இருக்காது. இராமர், அனுமன் உருவங்களோடு கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செப்புக் காசுகள் ஏராளமாக உலவுகின்றன. கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை.

எடை பார்க்காமல் விடுவதும் தவறு. பிடியுள்ள பித்தளைக் குண்டு ஏறத்தாழ 1,400 கிராம் இருந்தால் அது ஒரு வீசைப் படிக்கல், 35 கிராம் என்றால் ஒரு பலம், 11.66 கிராம் என்றால் ஒரு தோலா. கிலோ கணக்கு 1958க்குப் பிறகே நடைமுறைக்கு வந்ததால், எடையே வயதையும் ஓரளவு சொல்லிவிடும்.

விசாரிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அம்மாபேட்டை நெசவாளரிடமோ பட்டறைக்காரரிடமோ "இது அந்தக் காலத்துப் பூட்டுத்தானுங்களே?" என்று கேட்டால், மரியாதைக்காகவே "ஆமாங்க, இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். பெயரை நாம் எடுத்துக்கொடுக்காமல், பொருளை அவர் கையில் கொடுத்து, அவர் எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறார், எந்த விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். தொழில் தெரிந்த கை பொருளைச் சரியாகவே பிடிக்கும்.

பழைய செம்புக் கலசம் அரிசியை இழுக்கிறது, அதில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும் என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். அது தமிழ்நாடெங்கும் பலர் பணத்தை இழந்த மோசடி. இரிடியத்துக்கு அரிசியை இழுக்கும் தன்மை எதுவும் இல்லை.

சட்டத்தை மறந்துவிடுவது கடைசித் தவறு. மண்ணுக்குள் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சேர்வராயன் மலையில் புதிய கற்கால மெருகேற்றிய கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் அவற்றைச் சேகரித்துப் பதிவு செய்தார், அவரது சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மலையூர்களில் இத்தகைய கற்கள் சிறு பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கப்பட்டும் வந்தன. அப்படி ஒரு கல்லைக் கண்டால் எடுத்து வரக்கூடாது. ஊராரிடம் அனுமதி கேட்டு அங்கேயே அளந்து, படமெடுத்து, விவரத்தைச் சேலத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தால் போதும்.